எழுபத்தைந்தில் நாற்பத்தெட்டாவது எருமை

மல்லாவிச் சந்திக்குக் கிட்ட என் கடை.
கழக ரீசேட், கோயில் கொடி,
உரப்பைக்கு எழுத்து, தேர்தல் வந்தால் முகங்கள்.
மூன்று நிறத்துக்கு மேல் யாரும் கேட்டதில்லை,
கேட்டவர் காசு தந்ததில்லை.

பழைய சாரத்தில் சுற்றி
ஒரு சட்டகம் கொண்டுவந்தா கௌரிமலர்.
பாலிநகரிலிருந்து, மோட்டார்சைக்கிள் பெட்டியில்,
தயிர்முட்டிகளுக்கு நடுவே
அது மட்டும் நிமிர்ந்து வந்திருக்கிறது.

அவிழ்த்தா.
ஊதா எருமை.
பின்னால் செம்மஞ்சள்; வானம் இல்லை, வயல் இல்லை,
செம்மஞ்சள் மட்டும்.
கொம்பு பச்சை. கண்ணில் ஒரு சிவப்பு.
அடியில் பென்சிலால் 48/75,
பக்கத்தில் காய்ச்சல்காரன் கையெழுத்து.

"தம்பி பாசலில செத்துப்போனானெல்லே,
அவன்ர சாமானோட வந்தது.
உதுக்கு என்ன கருத்து? என்ன விலை போகும்?"
இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டா.

விலை எனக்குத் தெரியாது. மை தெரியும்.
கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தேன்.
நாலு ஸ்கிரீன். செம்மஞ்சள் முதலில், பச்சை கடைசியில்.
பச்சை ஒரு நகத்தளவு விலகி
கொம்புக்கு வெளியே நிற்கிறது.
இந்த விலகலுக்குத்தான் போன வருசம்
விளையாட்டுக் கழகச் செயலாளர்
நாற்பது ரீசேட்டையும் என் மேசையில் எறிந்தார்.

"எழுபத்தைஞ்சில எது தாய்?"
தாய் இல்லை அக்கா, எல்லாம் கன்று என்றேன்.
"அப்ப பாலும் இல்லை."

படம் எடுத்து அனுப்பினோம்.
மூன்றாம் நாள் ஏலக்காரர் பதில்:
ஆயிரத்தெண்ணூறு பிராங்கிலிருந்து
இரண்டாயிரத்து நானூறு வரை.
வெயில் பட்டிருந்தால் குறையும்.
விளிம்பு வெட்டியிருந்தால் குறையும்.
யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று
கடிதம் இருந்தால் கூடும்.
பச்சையைப் பற்றித் தனியாக ஒரு வரி:
விரும்பத்தக்க பிழை.

கௌரிமலர் விரல் மடித்தா.
நாலு எருமை. கன்றோடு என்றால் மூன்று.
பிறகு, கடிதம் என்ற இடத்தில் நின்றா.

திரும்பி வந்த வருசம்
பட்டி முழுக்கக் காட்டோடு போயிருந்தது.
வவுனிக்குளத்துக்கு அங்கால்
யாரோ சாய்த்து வைத்திருந்த இருநூறு தலைக்குள் இறங்கி
தொடை தொடையாய்த் தடவிப் போனாவாம்.
சேறு உரித்தால் குறி.
அப்பாவின் 'பூ', இடம் வலம் மாறி.
கொல்லன் இரும்பில் நேராக அடித்துவிட்டான்,
தோலில் புரண்டு விழுந்தது.
அந்தப் புரளலால்தான்
தூரத்திலேயே தெரிந்ததாம்.

மூன்று.

"சிட்டை எங்கே?" என்றாராம் மேசைக்காரர்.
சிட்டை தறப்பாளோடு போனது,
தறப்பாள் எதோடு போனதென்று
அவருக்கும் தெரியும்.
கொஞ்சம் யோசித்து, "கூப்பிடுங்கோ பாப்பம்" என்றாராம்.
கூப்பிட்டா.
இரண்டு வந்தது.
குறி இருந்த மூன்றாவது
தலையை ஒருக்கால் தூக்கிவிட்டு
மற்றவைகளோடு நின்றுவிட்டது.

"உதையும் ஒருக்காக் கூப்பிடட்டோ?"
சட்டகத்தைக் காட்டிச் சிரித்தா.
நானும் சிரித்தேன்.
அவ நிறுத்தியதை நான் பிந்தித்தான் கவனித்தேன்.

விற்கச் சொல்லிப்போட்டா.
பெட்டி கட்டி அனுப்ப முன்னம் ஒரு வேலை:
அதைப் பார்த்து, தயிர்முட்டிக்கு லேபல் இருநூறு.
ஒரு நிறம் போதும். கறுப்பு.
ஒன்று பதினைந்து ரூபாய் என்றேன்,
பன்னிரண்டில் முடித்தா.

முதல் தாள் விலகி விழுந்தது.
விரும்பத்தக்கதோ என்று சற்றுப் பார்த்தேன்,
கசக்கி வெளியே போட்டேன்.

பின்னேரம் கைகழுவப் போனால்
யாருடையதோ ஒரு எருமைக்கன்று
அதைக் கொம்பிலிருந்து தொடங்கித்
தின்றுகொண்டிருந்தது.
மை காயவில்லை, வாயெல்லாம் கறுப்பு.

தொடையைப் பார்த்தேன்.
இன்னும் குறி சுடவில்லை.